சின்னாறு செக்போஸ்ட் முதல் ஆனைமுடி வரை: தேர்வுக்குப் படிக்க ஒரு வழி

கேரளத்தில் இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வனத்துறை வேலைக்கான தேர்வுக்குத் தமிழில் படிக்கிறேன். இந்திய மரபுச் சின்னங்கள், வனவுயிர் பாதுகாப்பு, நாட்டு மரங்கள் என்று மூன்று தலைப்பு இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனியாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரம் போனால் ஆண்டும் எண்ணும் கலந்துவிடுகிறது. எப்படிப் படித்தால் நிற்கும்?"

தம்பி, அந்த மூன்று பட்டியலையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். மூன்றும் ஒரே பாடம்தான். நம் அரசியலமைப்பிலேயே இவை அடுத்தடுத்து இருக்கின்றன. 48ஏ பிரிவு காட்டையும் வனவுயிரையும் காக்கச் சொல்கிறது. அதற்கு அடுத்த 49ஆம் பிரிவு தேசிய முக்கியத்துவம் உள்ள நினைவுச் சின்னங்களைக் காக்கச் சொல்கிறது. குடிமக்களின் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவிலும் அப்படித்தான். எஃப் உட்பிரிவு பண்பாட்டு மரபைப் பேணுவது பற்றியது. அடுத்து வரும் ஜி உட்பிரிவு காடு, ஏரி, ஆறு, வனவுயிர் பற்றியது. இதில் 49 ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 48ஏ, 51ஏ இரண்டும் 1976இல் 42ஆவது திருத்தத்தில் வந்தவை. அதே திருத்தத்தில்தான் காடும் வனவிலங்கும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயின. இந்த ஒரு பத்தியிலிருந்தே நாலைந்து கேள்வி கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள்.

இரண்டாவது விஷயம், நீங்கள் இருக்கிற இடம். உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறி, சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, மறையூர் வழியாக மூணாறு போகிறோமே, அந்த ஒரு சாலையிலேயே இந்தப் பாடத்தின் பெரும்பகுதி இருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்கு இது கிடைக்காது. அதனால் பட்டியலை இந்தச் சாலையில் வரிசையாக இறக்கி வைத்துப் படிக்கலாம். கீழேயிருந்து மேலே போவோம்.

சின்னாறு வனவுயிர்ச் சரணாலயம் 1984இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 90.44 சதுர கிலோமீட்டர். வடக்கே ஆனைமலை புலிகள் காப்பகம், தெற்கே இரவிகுளம் தேசியப் பூங்கா. ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். காரணம் ஆனைமுடித் தொடர். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகமெல்லாம் மூணாறுப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கிழக்குச் சரிவுக்கு வருவது வெறும் காற்று. மழைமறைவுப் பகுதி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். இங்கே பெய்வதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடும் மூன்று எவை என்ற கேள்வி வராத தேர்வே இல்லை. கபினி, பவானி, பாம்பாறு. மூன்றும் கடைசியில் காவிரிக்குத்தான் போகின்றன. பாம்பாறும் சின்னாறும் சேர்ந்து அமராவதி ஆகிறது. உடுமலைக்குப் பக்கத்தில் அமராவதி அணையில் தேங்குவது உங்கள் ஊர் வழியாக வந்த தண்ணீர்தான்.

கோடையில் சின்னாற்றுப் பாலத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மலைச்சரிவெல்லாம் இலையுதிர்ந்து முள்ளும் கள்ளியுமாக நிற்கும். ஆற்றின் இரண்டு கரையில் மட்டும் நீளமாகப் பச்சை ஓடும். நீர்மருது, மா, நாவல், புங்கு எல்லாம் கிளை கோத்து நிற்கும் அந்தப் பச்சையில்தான் சாம்பல் நிற மலையணில் வாழ்கிறது. உயிரியல் பெயர் ரட்டூஃபா மேக்ரூரா. இந்த அணில் முடிந்தவரை தரையில் இறங்காது. மரத்துக்கு மரம் தாவித்தான் போகும். பக்கத்து மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று தொடுகிற இடமாகப் பார்த்து இலையும் குச்சியும் வைத்துக் கூடு கட்டும். பருந்து வந்தால் எந்தப் பக்கமும் ஓடலாம். நடுவில் இரண்டு நீர்மருதை வெட்டிவிட்டால் அணிலுக்குப் பாதை அறுந்துபோகும். மேலே ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டாலும் கரை மரம் காயும், அதே கதிதான். அதனால் "சாம்பல் அணில் – அச்சுறுத்தலை அண்மிய நிலை – சின்னாறு, திருவில்லிபுத்தூர்" என்று ஒரு வரி எழுதிப் படிப்பதை விட, நீர்மருதும் அணிலும் ஆறும் ஒரே பாடம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். திருவில்லிபுத்தூர்ச் சரணாலயம் 1988இல் இந்த அணிலுக்காகவே வந்தது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று.

சின்னாற்றின் இன்னொரு பிள்ளை நட்சத்திர ஆமை. வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டு வெளிநாடுகளில் இதை விலை கொடுத்து வாங்குகிறார்கள், அதனால் கடத்தல். பிடிபட்ட ஆமைகளைக் கொண்டுவந்து, நோய் இல்லை என்று பார்த்து, பழக்கி, சின்னாற்றின் முட்காட்டில் விடுகிறார்கள்.

இந்த ஆமையை வைத்தே மாணவர்கள் அதிகம் தடுமாறுகிற ஓர் இடத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஐ.யூ.சி.என். என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல், சைட்டிஸ் பின்னிணைப்பு, நம் சட்டத்தின் அட்டவணை, இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். சிவப்புப் பட்டியல் அறிவியலாளர்களின் மதிப்பீடு. ஓர் உயிரினம் அழிவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், யாரையும் தண்டிக்காது. அதில் நட்சத்திர ஆமை அழிவாய்ப்பு (வல்னரபிள்) நிலையில் இருக்கிறது. சைட்டிஸ் என்பது நாடுகளுக்கிடையே நடக்கும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. நட்சத்திர ஆமை 2019இல் அதன் முதல் பின்னிணைப்புக்கு ஏறியது, அதாவது வணிகத்துக்காக எல்லை தாண்டக் கூடாது. அட்டவணை என்பது நம் 1972ஆம் ஆண்டு வனவுயிர் (பாதுகாப்புச்) சட்டம். காட்டில் பிடித்தால் வழக்கு, சிறை எல்லாம் அதன்படிதான். ஒன்று மதிப்பீடு, ஒன்று எல்லை, ஒன்று காவல். இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி மதிப்பெண் கையில்.

அந்தச் சட்டத்தில் முன்பு ஆறு அட்டவணை இருந்தது. 2022 திருத்தம் நான்காகக் குறைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இப்போது முதல் அட்டவணை உயர்ந்த பாதுகாப்பு, இரண்டாவது அதற்கு அடுத்த நிலை, மூன்றாவது செடிகொடிகள், நான்காவது சைட்டிஸ் உயிரினங்கள். தீங்குயிரி என்று தனியாக இருந்த அட்டவணை போய்விட்டது. கடையில் கிடைக்கும் பழைய கைடுகளில் இன்னும் ஆறு என்றே இருக்கும், பார்த்துப் படியுங்கள்.

சரி, மறையூருக்கு வருவோம். கேரளத்தில் இயற்கையாக வளர்ந்த சந்தனக்காடு என்றால் உங்கள் ஊர்தான். வேலிக்கு உள்ளே ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். ஆனால் தேர்வில் சந்தனம் பற்றிக் கேட்பது வேறு. அது பாதி ஒட்டுண்ணி. இலையில் பச்சையம் இருக்கிறது, தன் உணவைத் தானே செய்துகொள்ளும். தண்ணீரையும் உப்புகளையும் மட்டும் அக்கம்பக்கத்து மரஞ்செடிகளின் வேரிலிருந்து எடுக்கும். வேரைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அடுத்த செடியின் வேரைத் தொடுகிற இடத்தில் சின்ன முடிச்சு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் உறிஞ்சுறுப்பு. நாற்றங்காலில் சந்தனக் கன்றுப் பைக்குள் ஒரு துவரைச் செடியும் சேர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். பக்கத்தில் துணை இல்லாமல் சந்தனத்தைத் தனியாக நட்டால் தேறாது. அதாவது சந்தனத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள சாதாரண மரங்களையும் புதர்களையும் காப்பாற்றியாக வேண்டும். கறுத்த சின்னப் பழத்தைத் தின்கிற பறவைகளையும்தான், விதையைக் காடெங்கும் போடுவது அவை.

வாசனை இருப்பது வைரத்தில், அதாவது மரத்தின் உள்கட்டையில். வெளியே இருக்கும் வெளிறிய மரத்தில் இல்லை. வைரம் ஏற வருஷக்கணக்காகும், அவசரப்படுத்த முடியாது. திருடுகிறவன் ஒரு ராத்திரியில் வெட்டிக்கொண்டு போகிற மரத்தை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. மைசூரில் திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரச மரமாக, அதாவது அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். இன்று கேரளத்தில் 1961ஆம் ஆண்டு வனச்சட்டம் அதைக் காக்கிறது. சந்தனம் சாண்டலேசி குடும்பம், பெயர் சாண்டலம் ஆல்பம், சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு நிலை.

இதோடு செம்மரத்தைக் குழப்ப வேண்டாம். செஞ்சந்தனம் என்று சொல்வதால் பலரும் இரண்டும் ஒரே இனம் என்று நினைக்கிறார்கள். செம்மரம் அவரைக் குடும்பம், டெரோகார்பஸ் சாண்டலினஸ். வாசனை கிடையாது, சிவப்புச் சாயமும் உறுதியான கட்டையும்தான் அதன் மதிப்பு. உலகத்திலேயே அது இயற்கையாக வளரும் இடம் கிட்டத்தட்ட ஆந்திராவின் தென்பகுதி மட்டும்தான். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகள். நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் மக்களுக்குத் தெரிந்த மலைதான். சைட்டிஸ் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. நம் சின்னாற்றுக் காட்டில் வெட்டினால் ரத்தம் மாதிரி பிசின் வடியும் வேங்கை இருக்கிறதே, அது டெரோகார்பஸ் மார்சூப்பியம். செம்மரத்துக்கு உறவு வேங்கைதான், சந்தனம் இல்லை.

மறையூரில் இறங்கிவிட்டு முனியறையைப் பார்க்காமல் போக முடியுமா. கோவில்கடவில் பாம்பாற்றங்கரைத் தென்காசிநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பாறை மேடுகளில் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். உள்ளே ஒரு ஆள் குனிந்து உட்காரலாம். முனிவர்கள் தவம் செய்த அறை என்பது ஊர் நம்பிக்கை. தொல்லியல் இவற்றைப் பெருங்கற்காலத்து ஈமச்சின்னம் என்கிறது. தரைக்கு மேலே இப்படி நிற்பது கல்திட்டை. அதே அமைப்பு தரைக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை. தாழியில் வைத்துப் புதைத்தால் முதுமக்கள் தாழி. ஒற்றைக் கல்லாக நட்டால் நெடுங்கல். திருச்சூர் மாவட்டம் சேரமனங்காட்டில் குடைக்கல்லும் தொப்பிக்கல்லும் இருக்கின்றன. அங்கே அவை செம்புரைக்கல்லில் செதுக்கியவை, ஏனென்றால் அந்தப் பக்கம் கிடைப்பது அந்தக் கல். இங்கே கருங்கல் பாறை பலகை பலகையாகப் பெயர்ந்து வரும், அதனால் பலகை அறை. மண் என்ன கொடுத்ததோ அதில்தான் மனிதன் தன் சாவுக்கு வீடு கட்டியிருக்கிறான். இப்படிப் படித்தால் எந்த ஊரில் எந்த வகை என்பது மறக்காது.

பல முனியறைகள் சரிந்துவிட்டன. கல்லில் பெயர் கீறுகிறார்கள், மூடுகல் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற கல் அது. நீங்கள் வனத்துறையில் சேர்ந்தால் இதையும் உங்கள் பீட்டின், அதாவது நீங்கள் சுற்றிக் காவல் காக்கும் பகுதியின் அங்கமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: இந்தியத் தொல்லியல் துறை 1861, தொடங்கியவர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம். தொன்மை நினைவுச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள் சட்டம் 1958. அதன் 2010 திருத்தத்தின்படி மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972, அதாவது வனவுயிர்ச் சட்டம் வந்த அதே ஆண்டு.

மரபையும் காட்டையும் ஒரே அறிவிப்பில் காத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் பல்லுயிர் மரபுத் தலம் என்று ஒரு வகை உண்டு. நாட்டிலேயே முதலாவது கர்நாடகத்தின் நல்லூர்ப் புளியந்தோப்பு, 2007. தமிழ்நாட்டில் முதலாவது அரிட்டாபட்டி, 2022. சமணர் படுக்கை, பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை, குன்றில் கூடு கட்டும் வல்லூறுகள், ஊருணிகள், எல்லாம் ஒரே இடத்தில். அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதும் ஊர்மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோயில்காடு தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர் மரபுத் தலம் ஆனது. கோயில்காடு என்பது மக்கள் சாமிக்குப் பயந்தும் பாசத்தாலும் வெட்டாமல் விட்ட நாட்டு மரங்களின் தொகுப்பு. கேரளத்தில் காவு என்கிறோமே, அதேதான்.

இனி மேலே ஏறலாம். தேயிலைத் தோட்டம் தொடங்கி, குளிர் தட்டுகிற இடத்தில் இரவிகுளம். 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா, 97 சதுர கிலோமீட்டர். கேரளத்தின் முதல் தேசியப் பூங்கா. உள்ளேதான் ஆனைமுடி, 2,695 மீட்டர், இமயமலைக்குத் தெற்கே இதை மிஞ்சிய சிகரம் இல்லை. இரவிகுளம் வரையாட்டுக்காக. தமிழ்நாட்டின் மாநில விலங்கு மிக அதிகமாகக் கூடி வாழ்கிற இடம் கேரளத்தில் இருக்கிறது. வரையாட்டுக்கு நாம் போட்ட கோடு தெரியாது. பழைய புத்தகங்களில் ஹெமிட்ராகஸ் ஹைலோகிரியஸ் என்று இருக்கும். மரபணு ஆய்வுக்குப் பின் 2005இல் நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமாக மாற்றினார்கள். முதல் அட்டவணை, சிவப்புப் பட்டியலில் அழியும் (எண்டேஞ்சர்டு) நிலை. நீலகிரி வரையாடு திட்டத்தைத் தமிழ்நாடு 2022இல் அறிவித்து 2023 அக்டோபரில் தொடங்கியது. அக்டோபர் 7 வரையாடு நாள். 1975இல் வரையாட்டைப் பற்றி முன்னோடியாக ஆய்வு செய்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக வந்தது. தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024இல் 1,031, 2025இல் 1,303. இரவிகுளத்தில் சுற்றுலாக்காரர்கள் போகும் ராஜமலையை ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மூடுகிறார்களே, குட்டி போடுகிற காலம் என்பதால்தான். சுற்றுலாக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். மூடத்தான் வேண்டும்.

வரையாடு புல்வெளி விலங்கு. இங்கே சோலை–புல்வெளி அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள், தேர்வுக்கு மட்டுமில்லை, தண்ணீருக்காகவும். மலை மடிப்புகளில், நீர் சுரக்கிற பள்ளங்களில் சோலை, அதாவது அடர்ந்த மலைக்காடு. மேட்டிலும் சரிவிலும் புல். புல்வெளியில் ஏன் மரம் முளைத்து மூடவில்லை? டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த சரிவில் உறைபனி விழும், சோலை மரங்களின் இளங்கன்று அதைத் தாங்காது. அவ்வப்போது தீயும் வரும். பள்ளத்தில் இருக்கும் சோலைக்குள் பனி இறங்காது. காட்டுப்பூவரசு என்கிற ரோடோடென்ட்ரான் மட்டும் விதிவிலக்கு, சோலை ஓரத்திலும் புல்லிலும் துணிந்து நிற்கும், சிவப்பாகப் பூக்கும். மழை பெய்தால் புல்லின் வேரும் சோலையின் மட்கும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மழையே இல்லாத மாதத்திலும் பாம்பாற்றில் நீர் ஓடுவது இதனால்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதினார்கள். பட்டைக்காக வாட்டில் மரமும் தேயிலை ஆலை விறகுக்காக யூகலிப்டஸும் நட்டார்கள். வட்டவடை, காந்தளூர்ப் பக்கம் கிராண்டிஸ் (இந்த யூகலிப்டஸ்தான்) என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிராண்டிஸ் வந்த மேட்டில் ஊற்று வற்றியதைப் பூண்டு போடுகிற பெரியவர்கள் சொல்வார்கள். நாட்டு மரம் எது என்பதைவிட, எந்த இடத்துக்கு எந்த மரம் நாட்டு மரம் என்பதுதான் சரியான கேள்வி. புல்வெளியில் சோலை மரத்தை நட்டாலும் அது தப்புதான், அது நம் நாட்டு மரமாகவே இருந்தாலும். மரநடு விழா நடத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சமவெளியில் சீமைக்கருவேலம், காட்டுக்குள் உண்ணிச்செடி, வயநாட்டில் மஞ்சக்கொன்னை, இவையும் அந்நிய ஊடுருவிகள் பட்டியலில் கேட்கப்படுபவை.

அந்தப் புல்வெளியில்தான் நீலக்குறிஞ்சி. ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் பூத்து, விதைவிட்டு, செத்துப்போகும். 1994, 2006, 2018. அடுத்தது 2030. 2006இல் பூத்த ஆண்டில்தான் கொட்டக்கம்பூர், வட்டவடை நிலத்தில் 32 சதுர கிலோமீட்டரில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஒரு செடிக்காகச் சரணாலயம் என்பது அபூர்வம். 2022 திருத்தத்துக்குப் பின் நீலக்குறிஞ்சி மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. பிடுங்கினால் குற்றம். சுற்றிலும் ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை என மூன்று தேசியப் பூங்காக்கள், மூன்றும் 2003இல் வந்தவை, மூன்றும் இடுக்கி மாவட்டம்.

உலகப் பாரம்பரியத் தலம் இப்போது எளிது. இரவிகுளமும் சின்னாறும் அதன் உறுப்புகள். மேற்குத் தொடர்ச்சி மலை 2012இல் சேர்ந்தது. மொத்தம் 39 இடம், கேரளம் 20, கர்நாடகம் 10, தமிழ்நாடு 5, மகாராஷ்டிரம் 4. இயற்கைத் தலங்கள் ஏழு: 1985இல் காசிரங்கா, மானஸ், கேவலாதேவ், பிறகு சுந்தரவனம், நந்தாதேவி–மலர்ப் பள்ளத்தாக்கு, நம் மலை, 2014இல் பெரும் இமாலயப் பூங்கா. கலப்புத் தலம் ஒன்றே ஒன்று, கஞ்சன்ஜங்கா, 2016. மீதி பண்பாட்டுத் தலங்கள். 2025இல் மராத்தியர் கோட்டைகள் சேர்ந்து மொத்தம் 44 ஆயிற்று. அந்தக் கோட்டைகளில் ஒன்று நம் செஞ்சி. உயிர்க்கோளக் காப்பகம் வேறு, இது வேறு. நீலகிரி உயிர்க்கோளம் 1986, நாட்டில் முதலாவது. யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் 2000இல் சேர்ந்தது. அகத்தியமலை 2001, வலையமைப்பில் 2016. இரண்டு ஆண்டையும் சேர்த்தே படியுங்கள், கேள்வி எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.

சட்டங்களின் ஆண்டு நினைவில் நிற்க, எந்தக் கவலையில் பிறந்தது என்று கேளுங்கள். புலி அருகிப்போனது, 1972 சட்டம், 1973 ஏப்ரல் 1இல் ஒன்பது காப்பகங்களோடு புலிகள் திட்டம். காடு வேறு பயன்பாட்டுக்குப் போனது, 1980 வனப் பாதுகாப்புச் சட்டம். அது 2023இல் பெயரும் மாறித் திருத்தப்பட்டது. தந்தத்துக்கும் வழித்தடத்துக்கும் 1992 யானைத் திட்டம். 2006 இரண்டு காரணத்துக்காக முக்கியம். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்கான திருத்தமும் அந்த ஆண்டு, முதுவர், மலைப்புலையர் போன்ற மக்களின் உரிமையைச் சொன்ன வன உரிமைச் சட்டமும் அந்த ஆண்டு. புலியையும் மலையில் குடியிருக்கும் மனிதனையும் ஒரே ஆண்டில் சட்டம் பார்த்தது என்று நினைவில் வையுங்கள்.

மரங்களைத் தனியாகப் படிக்காமல் ஒவ்வொன்றோடும் ஓர் உயிரைக் கட்டி வையுங்கள். நீர்மருதுக்கு அணில் என்று பார்த்தோம். வெடிப்பலாவுக்குச் சிங்கவால் குரங்கு. பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்று போராடிய கதையும், 1984இல் தேசியப் பூங்கா ஆனதும் இதோடு சேரும். அத்திக்கும் ஆலுக்கும் இருவாச்சிப் பறவை. பழம் தின்று விதை பரப்புவதும் அது, வயதான பெருமரப் பொந்தில்தான் முட்டை இடும். பனைக்குப் பனை உழவாரன், ஓலையின் அடிப்பக்கத்தில் கூடு ஒட்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பனை வெட்டு அதிகமாகிறது என்றால் அந்தக் குருவியும் குறைகிறது என்று பொருள். ஆந்திர எல்லையில் நேலப்பட்டுக் குளத்துச் செங்கடம்புக்குக் கூழைக்கடா. தேக்கு என்றால் பரம்பிக்குளம் கன்னிமாரா தேக்கு. சேத்துமடை வழியாகத்தான் போக முடியும், ஆனால் இருப்பது பாலக்காடு மாவட்டம். இந்த இடத்தில் மாவட்டத்தை மாற்றி எழுதி மதிப்பெண் விடுகிறவர்கள் நிறைய. உலகின் பழைய தேக்குத் தோட்டம் 1840களில் நிலம்பூரில் நட்ட கனோலித் தோட்டம். கன்னிமாரா தானாக வளர்ந்த மரம், கனோலி நட்டது, வேறுபாடு தெரிய வேண்டும்.

கடைசியாக மாநிலச் சின்னங்கள். எல்லையில் இருப்பதால் மூன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டுக்குப் பனை, வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், 2019 முதல் தமிழ் மறவன் பட்டாம்பூச்சி. கேரளத்துக்குத் தென்னை, யானை, இருவாச்சி, சரக்கொன்றை. ஆந்திராவுக்கு வேம்பு, வெளிமான், பச்சைக்கிளி, மல்லிகை. ஆந்திரா 2018இல்தான் பறவையைக் கிளி என்று மாற்றியது, அதற்கு முன்பு பனங்காடை. தெலங்கானாவுக்கு இன்னும் பனங்காடைதான். நீங்கள் வாங்கும் கைடில் ஆந்திராவுக்குப் பனங்காடை என்று இருந்தால், அதை அடித்துவிட்டுக் கிளி என்று எழுதிக்கொள்ளுங்கள்.